பெருக்கலில் ஒரு பூச்சியம்: ஒரு அப்பாயியின் வாக்கு



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கணக்கும் வரும், சரித்திரமும் வரும். கணக்கென்றால் தலையிடி என்பவர்கள் பயப்படத் தேவையில்லை. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். கடைசி வரை வாசித்துவிட்டு வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அது என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தரம் 11 பிள்ளைகளுக்குப் பெருக்கல் தத்துவம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பலாங்கொடை டவுன் பிள்ளைகள், பாதிப் பேர் மேலே தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள். அதனால் உதாரணமும் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்டேன்:

"தோட்டத்திலிருந்து பலாங்கொடைக்கு வர மூன்று வழி: பஸ், த்ரீவீல், நடை. பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரிக்குப் போக இரண்டு வழி: பஸ், வேன். அப்படியென்றால் தோட்டத்திலிருந்து இரத்தினபுரிக்கு எத்தனை விதமாகப் போகலாம்?"

சிலர் 3 + 2 = 5 என்றார்கள். வழமையான பிழைதான். ஒரு பிள்ளை எழும்பி வந்து கரும்பலகையில் கோடு கீறிக் காட்டினாள். பஸ்ஸில் வந்தவர் பஸ்ஸிலும் போகலாம், வேனிலும் போகலாம். த்ரீவீலில் வந்தவருக்கும் அப்படியே, நடந்து வந்தவருக்கும் அப்படியே. ஆகவே 3 × 2 = 6. ஒன்று முடிந்த பின் இன்னொன்று என்று தெரிவுகள் தொடர்ந்து வந்தால் பெருக்க வேண்டும். இதுவா அதுவா என்று வந்தால் கூட்ட வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

அடுத்த கேள்வி கேட்டேன். "மழை நாள். பெல்மதுளைக்குப் போகும் வழியில் மண் சரிந்து பாதை மூடியாச்சு. இப்ப எத்தனை வழி?"

வகுப்பே சேர்ந்து சொன்னது: 3 × 0 = 0.

தோட்டத்திலிருந்து இறங்க மூன்று வழி இருந்து என்ன, முப்பது வழி இருந்து என்ன? தொடரில் ஒரு இடத்தில் பூச்சியம் வந்தால் முழுக் கணக்கும் பூச்சியம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

*

இந்தக் கணக்கு நேற்று வந்ததல்ல. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தன் பிருகத் சங்கிதையில் வாசனைத் திரவியம் கூட்டுவதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார். 16 பொருள்களில் எவையேனும் 4ஐ எடுத்தால் 1,820 விதமாக எடுக்கலாம் என்பது அவருடைய விடை. இன்றைக்கு உயர்தரப் பிள்ளைகள் போட்டாலும் அதே விடைதான் வரும்.

8ஆம் நூற்றாண்டில், பஸ்ரா நகரில், கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி என்ற அறிஞர் இருந்தார். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர் என்று மத்ரஸாவில் படித்தவர்களுக்குத் தெரியும். அரபு மொழியின் முதல் பெரிய அகராதியான கிதாபுல் ஐன் அவர் வகுத்த திட்டம். அகராதி செய்கிறவர் பொதுவாக என்ன செய்வார்? காதில் விழுந்த சொல்லையெல்லாம் எழுதிக்கொண்டே போவார். எது விடுபட்டது என்பது அவருக்கே தெரியாது. கலீல் தலைகீழாக யோசித்தார். அரபியில் எழுத்து 28. ஓர் எழுத்து திரும்ப வராமல் இரண்டெழுத்து வேர் எத்தனை அமைக்கலாம்? 28 × 27 = 756. மூன்றெழுத்து? அதை 26ஆல் பெருக்கினால் 19,656. நான்கெழுத்து? 25ஆல் பெருக்கினால் 4,91,400. இந்த எண்களைப் பின்வந்த அரபு எழுத்தாளர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

'கிதாபு' என்ற சொல் நம் எல்லோருக்கும் பழக்கம். அதன் வேர் மூன்று எழுத்து. அந்த மூன்றையும் இடம் மாற்றி அடுக்கினால் 3 × 2 × 1 = 6 விதம். அந்த ஆறையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் கலீலின் முறை. மக்கள் வாயில் வழங்கும் வேருக்கு 'முஸ்தஃமல்' என்று பெயர். பயன்பாட்டில் உள்ளது என்று பொருள். அமையக்கூடியது, ஆனால் யாரும் பயன்படுத்தாதது 'முஹ்மல்'. கவனிக்காமல் விடப்பட்டது என்று பொருள்.

எனக்கு இதில் பிடித்த விசயம் ஒன்று உண்டு. இருக்கக்கூடியவை எல்லாவற்றையும் முதலில் எண்ணினால்தான், எது பயன்படாமல் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். சொல்லுக்கு மட்டுமா இது பொருந்தும்?

*

பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டத்து உதாரணம் வேண்டும் என்று வாக்குச் சீட்டை எடுத்தேன். நம் நாட்டு வாக்குச் சீட்டைப் போல் இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான சாமான் வேறில்லை.

2024 ஜனாதிபதித் தேர்தலில் 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டது. ஒருவர் இடையில் காலமானார். களத்தில் நின்றவர்கள் 38 பேர். வாக்காளர் 1 மட்டும் போடலாம். 1, 2 போடலாம். 1, 2, 3 என்றும் போடலாம்.

ஒன்று மட்டும்: 38 விதம்.
இரண்டு: 38 × 37 = 1,406 விதம்.
மூன்று: 38 × 37 × 36 = 50,616 விதம்.

மூன்றில் ஏதோ ஒன்றுதான் நடக்கும் என்பதால் இங்கே கூட்ட வேண்டும். மொத்தம் 52,060. ஒரே ஒரு சீட்டில், ஒரே ஒரு வாக்காளருக்கு, 52,060 விதமாகத் தன் மனதைச் சொல்ல இடமிருந்தது.

பாராளுமன்றத் தேர்தல் வேறு கணக்கு. இரத்தினபுரி மாவட்டத்துக்கு 11 ஆசனம். ஒரு கட்சி 11உடன் 3ஐக் கூட்டி 14 பேரை நிறுத்தும். கட்சியைத் தெரிவு செய்த பிறகு மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. 14 × 13 × 12 = 2,184. ஆனால் இங்கே வரிசை கிடையாது. 4, 7, 11 என்று போட்டாலும் 11, 4, 7 என்று போட்டாலும் ஒன்றுதான். அந்த மூன்றை 6 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால் 6ஆல் பிரிக்க வேண்டும்: 364. இரண்டு பேருக்கு மட்டும் போட்டால் 91, ஒருவருக்கு மட்டும் என்றால் 14, ஒருவருக்கும் போடாமல் கட்சிக்கு மட்டும் போட்டால் 1. கூட்டினால் 470. ஒரு கட்சிக்குள்ளேயே 470 விதம்.

ஜனாதிபதித் தேர்தலில் வரிசை முக்கியம், பாராளுமன்றத் தேர்தலில் வரிசை இல்லை. இந்த ஒரு வித்தியாசம் மட்டும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கரும்பலகையில் கோடு கீறிய அதே பிள்ளை கை தூக்கினாள்.

"சேர், எங்க அப்பாயிக்கு எத்தன விதம் இருந்துச்சு?"

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள்: "அப்பாயிக்கு இப்ப எண்பது வயசு, சேர். பொறந்தது இங்கதான், இதே தோட்டத்துல. மொதமொதல்ல வோட்டுப் போட்டது தொண்ணூத்து நாலுலதான்னு சொல்லும். அதுக்கு முன்னாடி எத்தன?"

1944இல் பிறந்தவர். 1994இல் முதல் வாக்கு. ஐம்பது வயதில்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு முழுப் பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை, மணி அடித்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

1931இல் டொனமூர் யாப்பின் கீழ் இந்த நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. அந்தத் தேர்தலில் வேட்பாளர்களுக்கு நிறம் ஒதுக்கி, நிறப் பெட்டியில் சீட்டுப் போட வைத்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்துத் தெரிவு செய்யலாம். தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினருக்கு, கட்டுப்பாடுகளோடு, அந்த உரிமை கிடைத்தது. 1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது பலாங்கொடை ஒரு தேர்தல் தொகுதி. மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார்.

அடுத்த வருடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. "அப்பனும் பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்ற சட்டம்" என்று சுருக்கமாகச் சொல்வோம். சட்டத்தின் வாசகம் அதைவிட நுட்பமானது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக இருக்க வேண்டுமானால்:

தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்.
அல்லது, தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்.

(இதை வகுப்பில் "தாத்தா" என்று சொல்லி விளக்கினால் எங்கள் ஊரில் குழப்பம்தான். தோட்டத்தில் தாத்தா என்றால் பாட்டன். எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். ஆகவே "தகப்பனின் தகப்பன்" என்றே சொல்கிறேன்.)

கணக்குக் கண்ணோடு பாருங்கள். "அல்லது" என்றால் கூட்டல். "உம், உம்" என்று இரண்டும் வேண்டும் என்றால் பெருக்கல். மூன்று ஆள்: தகப்பன், பாட்டன், பூட்டன். ஒவ்வொருவருக்கும் இங்கே பிறந்தார், பிறக்கவில்லை என்று இரண்டு நிலை. 2 × 2 × 2 = 8 நிலைமைகள். தகப்பன் இங்கே பிறந்த நிலைமைகள் 4. தகப்பன் பிறக்காமல் மற்ற இருவரும் பிறந்த நிலைமை 1. ஆக 8இல் 5 நிலைமைகளில் கதவு திறக்கிறது. கரும்பலகையில் எழுதினால் தாராளமான சட்டம் போலத் தெரியும்.

ஆனால் எட்டும் சம எடையுள்ளவை அல்ல. தகப்பன் மட்டும் வெளியே பிறந்து, பாட்டனும் பூட்டனும் இங்கேயே பிறந்த குடும்பம் தோட்டத்தில் எத்தனை இருக்கும்? அந்த ஐந்தாவது கதவு அவர்களுக்குப் பெயருக்குத்தான். மற்ற நான்கு கதவுக்கும் சாவி ஒன்றே: தகப்பன் இங்கே பிறந்ததற்கான அத்தாட்சி. 1890களிலோ 1900களிலோ ஒரு லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை 1948இல் யார் வைத்திருந்தார்கள்? தகப்பன் இங்கேதான் பிறந்தார், ஆனால் துண்டு இல்லை. உண்மையில் 1, காகிதத்தில் 0. கணக்கில் ஏறியது காகிதத்தில் இருந்த எண்.

அந்த அப்பாயியின் விசயத்தில் தகப்பன் இந்தியாவிலிருந்து சிறு வயதில் வந்தவராம். 0. பாட்டன் 0, பூட்டன் 0. 0 + (0 × 0) = 0. நான்கு வயதுக் குழந்தையின் கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது.

1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள். ஒன்று, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இங்கே வசித்திருக்க வேண்டும். வருமானம் காட்ட வேண்டும், இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதுவும் வேண்டும், இதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். எல்லாமே பெருக்கல். ஒன்று தவறினால் பூச்சியம். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. டவுன்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இதே சட்டத்தின் கீழ்தான் விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் ஆட்களுக்கு இது வேறு யாருடையதோ கதை என்று நினைக்க வேண்டாம்.

மற்றது, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரசை அல்லாதவரின் பெயர் தேருநர் இடாப்பில் இருக்க முடியாது என்றானது. 1947இல் வாக்களித்த கைகள் 1952இல் வாக்களிக்கவில்லை. சீட்டில் எத்தனை வேட்பாளர் இருந்தாலும் சரி, முதல் படியில் 0.

*

1964 அக்டோபர் 30. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க சின்ன வயதில் பாலர் வகுப்புக்குப் போனது எங்கள் பலாங்கொடையில். 9,75,000 பேரைப் பற்றிய கணக்கு அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மீதியையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். 7க்கு 4 என்றிருந்த விகிதம் 8க்கு 5 ஆனது. விகிதக் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஆனால் வீடுகளில் என்ன கணக்கு? மணமுடித்துத் தனித்தனியாக விண்ணப்பிக்கும் நான்கு சகோதரர்களை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு முடிவில் ஒன்று: இந்தியா, இலங்கை. 2 × 2 × 2 × 2 = 16. இதில் நால்வரும் ஒரே கரையில் இருக்கும் முடிவு இரண்டே இரண்டு. மற்ற 14லும் அந்தக் குடும்பம் கடலால் பிரியும். பதினாறும் சம வாய்ப்புள்ளவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் பெயரைச் சொல்லி இன்றைக்கும் அழுகிற வீடுகள் ஏன் இத்தனை என்பதற்கு இந்த 14 ஒரு பதில்.

அந்த அப்பாயியின் அண்ணன் போய்விட்டாராம். அப்பாயி இருந்துவிட்டார். நாடற்றவராக.

1977இல் நுவரெலியா – மஸ்கெலியாவில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். 1986இலும் 1988இலும் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் வந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். 1948இல் விழுந்த பூச்சியத்தை அழித்து முடிக்க 55 வருடம்.

அதனால்தான் அவருக்கு 1994. பிள்ளை சொன்னாள், அன்றைக்கு அப்பாயி காலை ஐந்து மணிக்கே குளித்துவிட்டுப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாராம்.

*

இப்போது 2024 செப்டம்பருக்கு வாருங்கள். ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் 50 வீதத்துக்கு மேல் இல்லை. இந்த நாட்டுச் சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் சுற்றில் விருப்பு வாக்கு எண்ணப்பட்டது. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்கு 33,21,666. அந்தச் சீட்டுகளில் முதல் இருவரில் ஒருவருக்கு விருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அநுர குமார திசாநாயக்கவுக்கு 1,05,264. சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867. இரண்டும் சேர்த்து 2,73,131.

33 இலட்சத்தில் 2.73 இலட்சம். நூற்றுக்கு எட்டுப் பேரைச் சற்றுத் தாண்டும். மற்றவர்களில் சிலர் வேறு யாருக்கோ 2, 3 போட்டிருக்கலாம், அதுவும் அவர்களின் தெரிவுதான். ஆனால் நான் பேசிப் பார்த்தவர்களில் அநேகர் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தவர்கள். "மற்றதெல்லாம் எதுக்கு சேர்" என்றார்கள். இதைத் தவிர 3,00,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன.

52,060 விதம் இருந்த இடத்தில் நாம் அதிகமாகப் பயன்படுத்தியது 38. மற்றவை? கலீல் இருந்தால் 'முஹ்மல்' என்று எழுதி வைத்திருப்பார். இருக்கிறது, யாரும் தொடவில்லை.

யாருக்குப் போட வேண்டும் என்று ஒரு ஆசிரியர் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். எத்தனை இருக்கிறது என்று சொல்லலாம். அது என் பாடம். 1948இல் எடுக்கப்பட்டது வேறு, நாம் இன்று பயன்படுத்தாமல் விடுவது வேறு என்பதும் எனக்குத் தெரியும். முன்னதில் கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். ஆனால் எண்ணும் மேசையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்: பூச்சியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சப்ரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பரில். 2017இல் அதன் காலம் முடிந்தது. இதை எழுதும் வரை அடுத்த தேர்தல் இல்லை. எங்கள் பாடசாலையில் இப்போது தரம் 11இல் இருக்கும் பிள்ளைகள் ஒரு மாகாண சபைத் தேர்தலைக் கண்டு நினைவில் வைத்ததே கிடையாது. அங்கே எத்தனை விதம் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை சொல்ல ஒரு வினாடி போதும்.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மகள், உங்கட அப்பாயிக்கு 1994 வரைக்கும் பூச்சியம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் மற்ற எல்லாருக்கும் எத்தனையோ, அத்தனை."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் பதினெட்டாகி வோட்டுப் போடுறப்ப மூணும் போடணும், என்ன சேர்?"

"போடணும் எண்டு இல்ல மகள். போடலாம் எண்டு தெரிஞ்சிருக்கணும்."

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வி. இன்றைக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் மூத்தவர் யாரிடமாவது கேளுங்கள்: "நீங்க முதல்ல வாக்குப் போட்டது எந்த வருசம்?" அவர்கள் பிறந்த வருடத்தோடு 18ஐக் கூட்டுங்கள், 1959க்கு முன் வயது வந்தவர்களுக்கு 21. அந்த எண்ணுக்கும் அவர்கள் சொல்லும் எண்ணுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். விருப்பம் என்றால், பெயர் போடாமல், அந்த இரண்டு வருடத்தை மட்டும் கீழே கருத்தில் எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து கணக்குப் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.

அப்படியே, தேருநர் இடாப்பில் உங்கள் பெயரும் வீட்டில் புதிதாக 18 ஆன பிள்ளையின் பெயரும் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பெருக்கலின் முதல் எண் அதுதான்.